அணைஞ்சு போன போனுக்குள்ள ஆளுங்க இருந்த நாள்

பேய், ஆவின்னு யாராவது பேச்செடுத்தா நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிடுற ஆளு. பயந்துக்கிட்டு இல்லை, அதுல எல்லாம் எனக்கு நம்பிக்கையே கிடையாது. கோயிலுக்குப் போவேன், ஜெபமாலை சொல்லுவேன், செத்தவங்க ஆண்டவர்கிட்ட போயிட்டாங்கன்னு இருந்துடுவேன், அவ்வளவுதான். அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சேன். நாலு பேர் எதிர்ல பேச வாய் வராது, அதனாலதான் எழுதுறேன். கிழவிக்குத் துக்கத்துல புத்தி கலங்கிடுச்சுன்னு நெனைப்பீங்க, நெனைச்சுக்குங்க, ஆனா நடந்ததைத்தான் எழுதுறேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, ஜெசிந்தா. செஞ்சி பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடையில வேலை பாத்தா. கூடப் படிச்சவளுங்க நாலு பேரு, ஆளுக்கொரு ஊர்ல கட்டிக்குடுத்துட்டாங்க. இவளுங்க எல்லாம் சேர்ந்து போன்ல ஒரு விளையாட்டு விளையாடுவாளுங்க, கட்டை கட்டையா அடுக்கி வீடு, மலை, குளம்னு கட்டுறது. எல்லாரும் வந்து சேர ஒரு இடம் வேணுமாம், அதுக்கு சர்வர்னு பேரு. புதுப் போன் வாங்கினதும், அதை ஜெசி தன்னோட பழைய போன்லயே ஓட வெச்சிட்டா. எனக்கு ஒண்ணும் புரியலைன்னேன். "இந்த போன்தாம்மா சத்திரம். அவளுங்க அவங்கவங்க போன்லருந்து இதுக்குள்ள வருவாளுங்க. நீதான் சத்திரத்துக்காரி, கதவு சாத்திக்காம பாத்துக்க"ன்னா. வர்றவளுங்க சோறு கேப்பாளுங்களான்னு கேட்டேன். "உன் சாம்பாரைப் பத்தி சொல்லி வெச்சிருக்கேன், கேக்க மாட்டாளுங்க"ன்னா.

ராவும் பகலும் சார்ஜ்லயே கெடக்குறதால அந்த போன் அடுப்பு மாதிரி சுடும். அதுலயும் எங்க ஊர் வெயில்ல மலைப்பாறையே கொதிக்கும். நான் தண்ணிப் பானையைச் சுத்தி ஈரத்துணி கட்டி, மூடித் தட்டு மேல போனை வெச்சேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா, ஆனா சூடு கொறைஞ்சுதான் போச்சு. அப்புறம் அதுதான் அதோட இடம்.

நாலு நாள் காய்ச்சல்ல போயிட்டா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவ சொன்னது இதுதான்: "அந்த போன் மட்டும் அணையக்கூடாதும்மா. அணைஞ்சு எழுந்தா ஆறு நம்பர் கேக்கும், அதைப் போட்டாத்தான் உள்ள எல்லாம் ஓடும்." நம்பர் இன்னான்னு கேட்டிருக்கணும். வீட்டுக்கு வந்து அவளே போட்டுக்கப் போறான்னு விட்டுட்டேன்.

எல்லாரும் அழு அழுன்னாங்க, எனக்கு அழுகை வரலை. துணியை நனைப்பேன், ஒயர் ஆடுதான்னு பாப்பேன், அந்த ஒரு வேலைதான். அந்த நாலு பேர்ல ஒருத்தி பர்வீன், அவலூர்பேட்டையில இருக்குறா, வாரம் ஒரு தடவை என் போனுக்குப் பேசுவா. "அம்மா, அவ உங்க வீட்டையே உள்ள கட்டி வெச்சிருக்கா. ஜன்னல், சுவத்துல சிலுவை, பானை எல்லாம் அப்படியே இருக்குது. வேற எங்கயும் அது இல்லம்மா, அந்த போன்லதான் இருக்குது, அணைய விட்டுடாதீங்க"ன்னுவா. சரிம்மான்னுவேன்.

ஜெசிக்கு ஆறாம் மாசப் பூசை முடிஞ்ச மறுநாள். வீட்டுக்காரர் விடியக்காலையிலயே கழனிக்குப் போயிட்டார். ஒன்பது மணிக்கு கரண்ட் போச்சு. மாசா மாசம் லைன் வேலைக்கு நிறுத்துறது, சாயந்திரம் அஞ்சு வரைக்கும் வராது. முன்னாடியே சொல்லிடுவாங்க, ஜெசி இருந்தா பவர் பேங்க்கை ஏத்தி வெச்சிருப்பா. பூசைக்கு வந்தவங்களுக்கு சோறு போடுற அலைச்சல்ல நான் மறந்தே போயிட்டேன். நெட் பெட்டி உடனே அணைஞ்சிடுச்சு. அது பரவாயில்லை, கரண்ட் வந்தா திரும்ப எரியும். போனுதான். பழைய பேட்டரி, ரெண்டு மணி நேரம் தாங்குனா பெருசு.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குது. போனையும் சார்ஜரையும் முந்தானையில சுத்திக்கிட்டு அவங்க வாசல் கேட்டு வரைக்கும் போனேன். செத்த பொண்ணோட விளையாட்டுக்கு சார்ஜ் போடணும்னு எப்படிக் கேக்குறது. அந்தம்மா உள்ள யார்கிட்டயோ பேசிட்டு இருந்தாங்க. நின்னேன், நின்னேன், திரும்பி வந்துட்டேன். இதை இன்னி வரைக்கும் வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்லை.

பதினொன்றரைக்கு போன் ஒரு தடவை அதிர்ந்து கறுப்பாப் போச்சு. பானைக்கு எதிர்ல உக்காந்துட்டேன். சாப்புடலை, அழலை. வெயில் ஜன்னல்ல வந்துது, அப்புறம் போச்சு.

அஞ்சு மணிக்கு கரண்ட் வந்ததும் சார்ஜ் போட்டேன். போன் எழுந்து ஆறு நம்பர் கேட்டுது. அப்படியே வெச்சிட்டேன்.

ஆறு மணிக்கு பர்வீன் போன் பண்ணா. இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் யோசிக்கிறதுக்குள்ள அவளே, "இன்னாம்மா பண்ணீங்க, இன்னைக்கு இவ்வளவு நல்லா ஓடுச்சு? எங்க நாலு பேருக்கும் லீவு, பன்னெண்டு மணியிலருந்து உள்ளதான் இருந்தோம், ஒரு தடவைகூட வெளியே தள்ளலை"ன்னா. செஞ்சியில கரண்டே இல்லம்மா, போன் பதினொன்றரைக்கே அணைஞ்சிடுச்சுன்னேன். அவ கேட்டா: "அப்ப ஜெசியோட புதுப் போனை யாரும்மா திறந்தீங்க? விளையாட்டுக்குள்ள அவ பேரும் பூரா நேரம் இருந்துதே. அவ கட்டின வீட்டை விட்டு வெளியவே வரலை, கூப்பிட்டதுக்கு பதிலும் இல்லை. நீங்க தெரியாம கை வெச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்." ஜெசியோட புதுப் போன் ஆஸ்பத்திரியிலயே விழுந்து கண்ணாடி நொறுங்கி, எங்க பீரோவுல துணிக்கு அடியில கெடக்குது. அதுல உயிரே கிடையாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை பர்வீன் நேர்ல வந்தா. பானை மேல இருந்த போனைப் பாத்தா, நம்பர் கேட்டுக்கிட்டேதான் இருந்துது. அவ கடைவீதியில போன் கடைக்காரங்ககிட்ட விசாரிச்சிட்டுதான் வந்திருக்கா, நம்பர் போடாம அதுக்குள்ள எதுவும் ஓட வழியே இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். ஆனா இன்னைக்கும் அவளுங்க உள்ள போய் வந்துட்டுதான் இருக்காளுங்க, நம்புனா நம்புங்க. ஜெசி பேரு மட்டும் அந்த ஒரு நாளோட சரி.

அந்த ஞாயித்துக்கிழமை பர்வீன் தன்னோட போன்ல அந்த வீட்டை எனக்குக் காட்டினா. எங்க வீடேதான். பானைக்கு எதிர்ல தரையில சிவப்பா ஒரு கட்டை இருந்துது. "இதை எங்கள்ல யாரும் வெக்கலைம்மா, கரண்ட் போன அன்னைக்குதான் வந்திருக்குது"ன்னா. கரண்ட் இல்லாத அன்னைக்கு நான் சிவப்பு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேலதான் உக்காந்திருந்தேன். அதை நான் யாருக்கும் சொல்லலை.

இதைக்கூட ஏதோ ஒண்ணுன்னு விட்டுடுவேன். ஆனா அந்தக் கட்டைக்குப் பக்கத்துல, ஒட்டினாப்போல, இன்னொரு கட்டையும் இருந்துது. அன்னைக்குப் பூரா நான் போனையேதான் பாத்துட்டு இருந்தேன். பக்கத்துல திரும்பிப் பாக்கவே இல்லை.