மூன்று வருஷம் மறைத்த குடல்

சலவைக் கடையில் நாற்பது வருஷம் நின்றபடியே இஸ்திரி போட்டவள் அவள். தெருவில் எல்லோருக்கும் இஸ்திரியம்மா. எழுபத்தைந்தாவது வயதில், கக்கூஸில் முக்கும்போது குடல் கொஞ்சம் வெளியே வந்தது. கையால் உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு இருமினாலே வந்தது. புடவை நனைந்தது.

மகனிடம் சொன்னாள்.

"இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா. வெளியே சொல்லிட்டு இருக்காத," என்றான். மருமகள் சோபாவிலிருந்து அவளை எழுப்பி, ரெக்ஸின் விரித்த நாற்காலியைக் காட்டினாள். விருந்தாளி வந்தால் பின்னறைதான்.

மூன்று வருஷம் பொறுத்தாள். ஒருநாள் காலை, வெளியே வந்த குடல் உள்ளே போகவே மாட்டேன் என்றது. மகனுக்குப் போன் செய்தாள். "மீட்டிங்ல இருக்கேன்." ஆட்டோ பிடித்துத் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பெண் டாக்டர் பக்குவமாக உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவு நாளா ஏம்மா வரல?"

"சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சு. கேட்டவங்கதான் இல்ல."

ஆபரேஷனுக்கு முதல்நாள் மகன் வந்தான், முகம் கடுகடுவென்று. "எழுபத்தெட்டு வயசு. மயக்க மருந்து தாங்குமா? செத்துட்டா யார் பொறுப்பு?"

"முழு மயக்கம் வேண்டாம், முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்போம். வயித்தையும் கிழிக்கப் போறதில்ல. கீழ்வழியாவே, இறங்கின குடலை வெட்டித் தைச்சிடலாம். சிலருக்குத் திரும்ப வரலாம், அதையும் சொல்லிட்டேன்," என்றாள் டாக்டர்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உன்னை யாருடா கேட்டா?" இஸ்திரியம்மா கட்டிலிலேயே நிமிர்ந்தாள். "சிஸ்டர், பேனா குடுங்க. இவனை வெளியே நிக்கச் சொல்லுங்க."

ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர்கள் பேசுவது காதில் விழுந்தது. வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் முதல்முறை வெளிக்குப் போனபோதுதான் உயிர் போய் வந்தது. கதவுக்கு வெளியே நின்ற நர்ஸ், "முக்காதீங்கம்மா, முக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் மகன் காரோடு நின்றான். அவள், தன் தங்கை கூட்டி வந்திருந்த ஆட்டோவில் ஏறினாள்.

"அம்மா, நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"மீட்டிங்னு சொல்லு."

தங்கை வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. கசிவு முழுசாக நிற்கவில்லை, ஆனால் பஸ் ஸ்டாப்வரை பயமில்லாமல் நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் செய்கிறான். எடுப்பதில்லை.

"பெத்த பிள்ளை அக்கா, எடுத்துப் பேசேன்," என்கிறாள் தங்கை.

"அதனாலதான்டி எடுக்கல."