கடலட்டைக் கிடாரத்துக் கணினி

மாக்கிறேற்றின் வீட்டு வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் போய் விழும். அப்படிப்பட்ட வீட்டில் கணினி வகுப்பு நடத்தப் புறப்பட்டவளை என்னவென்று சொல்வது? பிடிவாதக்காரி என்றுதான் ஊர்காவற்றுறைக் கரை முழுக்கச் சொன்னது. தகப்பன் சவிரிமுத்துவும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் சத்தமாக.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு முகாம், மாமி வீடு, வவுனியாவில் வாடகை அறை என்று பிறத்தியாருடைய கூரைகளுக்குக் கீழேதான் காலம் போனது. கணினி படித்தது வவுனியாவில். திரும்பி வந்து பார்த்தபோது சொந்த வீட்டுக்குச் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. தகப்பனும் மகளுமாகக் கூரை போட்டார்கள். போட்ட அன்றே அவள் சொல்லிவிட்டாள், இனி இன்னொருவர் வீட்டில் போய் ஒண்டியிருக்கமாட்டேன் என்று.

ஆனால் சோளகக் காற்றுக்கு அவளுடைய கதையெல்லாம் தெரியுமா? வைகாசி பிறந்ததும் அது பாட்டுக்குத் தென்மேற்கிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்தது. முதல் கணினி ஒரு சோளகத்தைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவது அதைவிடக் கெதியாகப் போனது. திறந்து பார்த்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. சூட்டைத் தணிக்க வைத்த விசிறிதான் உப்புக்காற்றை இழுத்து உள்ளே தள்ளியிருந்தது. நல்லது செய்ய வைத்த சாமானே குழிபறித்தால் ஆரிடம் போய் முறையிடுவது?

மூன்றாவது கணினியைப் பிரான்சில் இருந்த தம்பி றொஜன் அனுப்பிவைத்தான். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டான். அவனையும் குறை சொல்ல ஏலாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அவளுடைய வகுப்பைத் தன் கிளையாக ஏற்றுச் சான்றிதழ் வழங்கும் யாழ்ப்பாணத்து நிறுவனமும் கெடு வைத்தது. அங்கிருந்து மேற்பார்வைக்கு வரும் பரமலிங்கம் வந்த இரண்டு தடவையும் கணினி செத்துக் கிடந்திருந்தது. வைகாசியில் திரும்ப வருவதாகவும், அன்று காலையிலிருந்து பின்னேரம்வரை கணினி நிற்காமல் ஓடினால் பரீட்சையை இங்கேயே வைப்பதாகவும், இல்லாவிட்டால் கிளையை மூடுவதாகவும் அவர் அறிவித்திருந்தார். மூடினால் படிக்கிற பெட்டையள் பட்டணத்துக்குப் போகவேண்டும். வழியெல்லாம் சோதனைச்சாவடி, தாய்மார் விடமாட்டார்கள். தொடர்ந்து படிப்பிக்கவேண்டுமென்றால் மாக்கிறேற்றும் நல்லூரில் தமக்கை வீட்டோடு போய் இருக்கவேண்டியதுதான்.

"கடக்காத்து மனிசருக்கு நல்லது பிள்ளை, மிசினுக்கு ஆகாது. பேசாமல் கொக்காவோடை போய் இரு" என்றார் சவிரிமுத்து.

அவளோ பட்டணத்துக்கு ஒரு நடை போய், இன்ரநெற் கடையில் உட்கார்ந்து பாதிநாள் வாசித்துவிட்டு வந்தாள். வந்தவள் சொன்ன சங்கதியைக் கேட்டுக் கரையே வாயைப் பிளந்தது. கணினியை எண்ணெய்க்குள் முக்கப்போகிறாளாம். தண்ணீரில் கரண்ட் பாயும், தெளிந்த எண்ணெயில் பாயாது; சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும்; உள்ளே காற்றே இல்லையென்றால் உப்பு எங்கேயிருந்து வரும் என்று எல்லாருக்கும் விளங்கப்படுத்தினாள். சவிரிமுத்து தன் பங்குக்கு, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய் மிச்சம் கிடக்கிறது, எடு என்றார். அந்த நாற்றத்தில் ஆர் வந்து படிப்பது?

அவளுக்குத் தேவைப்பட்டது குழந்தைப்பிள்ளைகளுக்குப் பூசும் எண்ணெய். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்சலில் அதைப் போத்தல் போத்தலாக அனுப்ப, பிள்ளை வளர்ந்த வீடுகளிலும் அலுமாரியில் அது அடுக்கிக் கிடந்தது. அயல்வீட்டு ஜெனீற்றா தன்னுடையதைக் கொடுத்ததோடு நில்லாமல் வீடுவீடாகப் போய்ச் சேர்த்தும் வந்தாள். போதாமல் போனதற்கு மருந்துக்கடையில், மலச்சிக்கலுக்குக் குடிக்கும் பரபின் எண்ணெய் வாங்கினார்கள். இவ்வளவையும் குடிக்கப்போவது ஆர் என்று கடைக்காரருக்கு ஒரே யோசனை.

எல்லாம் சரி. எதற்குள் முக்குவது? இங்கேதான் கடற்கரைப் புத்தி வேலை செய்தது. குளிர் வேண்டுமென்றால் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஒன்றேதான், மீனுக்கு ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டி. சவிரிமுத்து தன்னிடமிருந்த பெட்டிகளில் நல்லதாக ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். மாக்கிறேற்றும் மறுபேச்சில்லாமல் விசிறிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எண்ணெய் புகுந்தால் பழுதாகும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வெளியே வைத்து, மற்ற எல்லாவற்றையும் எண்ணெய்க்குள் இறக்கினாள். மூடியையும் இறுக்கி மூடினாள், குளிர் வெளியே போய்விடக்கூடாதே.

கணினி சத்தமே இல்லாமல் ஓடியது. வீடெல்லாம் ஞானஸ்நான வீட்டு வாசம். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். மத்தியானம் கடந்து கொஞ்ச நேரத்தில் திரை சட்டென்று இருண்டது. பதறிப்போய் மூடியைத் திறந்து விரலை வைத்தாள். எண்ணெய் சுட்டது.

"மூடியைத் திறவாதை பிள்ளை! குளிர் போயிடும்" என்று வாசலில் நின்ற சவிரிமுத்து சத்தம் போட்டார்.

மாக்கிறேற் விரலைத் துடைத்தபடி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க ஏலாத சிரிப்பு. கூடவே தன்மேல் கோபமும் வந்தது. ஐஸ்பெட்டி எப்போது குளிரைத் தந்தது? உள்ளே இருப்பதை வெளியே விடாது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஐஸை வைத்தால் குளிரைக் காக்கும், சூட்டை வைத்தால் சூட்டைக் காக்கும். சின்ன வயதிலிருந்தே அதன்மேல் ஏறியிருந்து மீன் வெட்டியவளுக்கு இது தெரியாமல் போயிற்றே!

அன்றிரவு கணினி பிழைக்குமோ என்று செபமாலையும் கையுமாக இருந்தாள். விடியக் கரண்ட் ஆளியைப் போட்டதும் உயிர் வந்தது. நேரே குசினிப்பக்கம் போய்த் தகப்பனின் அலுமினியக் கிடாரத்துக்கு முன்னால் நின்றாள். அவர் கடலட்டை அவிக்கும் பெரிய பாத்திரம் அது. அதுதான் அவருடைய அரைவாசித் தொழில்.

"அப்பா, எனக்கு இது வேணும்."

சவிரிமுத்து கிடாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு சாம்பலும் புளியும் எடுத்துத் தானே உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். மணம் போகும்வரை தேய்த்தார்.

எண்ணெயைக் கிடாரத்துக்கு மாற்றி, கணினி அலுமினியத்தில் முட்டாமல் இருக்க மரச்சட்டம் அடித்து நைலோன் நூலால் கட்டினாள் மாக்கிறேற். கரண்ட் கசிந்தாலும் ஆளை அடிக்காதபடி கிடாரத்திலிருந்து மண்ணுக்குக் கம்பி இறக்கினாள். பிறகு கிடாரத்தைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய சீமெந்துத் தொட்டிக்குள் இருத்தினாள். சூடு எண்ணெயிலிருந்து அலுமினியத்துக்கும் அங்கிருந்து தண்ணீருக்கும் தன்பாட்டில் இறங்கிப் போனது.

வைகாசியில், சோளகம் ஓலைவேலியைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் பரமலிங்கம் வந்தார்.

"என்ன ரீச்சர், சமைக்கிறீரோ?"

பகிடி விட்டாரே தவிர, ஆள் சும்மா விடுகிறவர் இல்லை. கதிரையை இழுத்துக் கிடாரத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எண்ணெய் பழுதாகாதா, சின்னப்பிள்ளை கையை விட்டால் என்ன ஆகும் என்று கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டார். நல்ல கேள்விகள்தான், மாக்கிறேற்றும் ஒளிக்காமல் பதில் சொன்னாள். பெட்டையள் மாறிமாறி இருந்து வேலை செய்தார்கள். மத்தியானம் வந்தது. காற்று உப்பை வாரி யன்னலில் அடித்தது. பரமலிங்கம் அடிக்கொருதரம் எழும்பிக் கிடாரத்தைத் தொட்டுப் பார்த்தார். குளிப்பாட்ட வைத்த தண்ணீர்போல இளஞ்சூடு, அதற்குமேல் ஏறவேயில்லை.

வெயில் சாயும்வரை கணினி ஒருதரமும் நிற்கவில்லை. பரமலிங்கம் எழும்பிச் சால்வையை உதறினார்.

"பரீட்சையை இஞ்சையே வைப்பம். நீர் பட்டணத்துக்கு வரத் தேவையில்லை."

"ஓம் சேர்" என்றுமட்டும் சொன்னாள் மாக்கிறேற். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதாள். அழட்டும், எத்தனை வருசத்து அழுகை அது.

அடுத்த கிழமை சவிரிமுத்து பட்டணத்தில் கதிர்காமுவின் பாத்திரக்கடைக்குப் போய்க் கிடாரம் கேட்டார். முன்னம் வாங்கினது அதற்குள் ஓட்டையாகிவிட்டதா, கொண்டுவந்தால் ஒட்டித் தரலாமே என்றார் கதிர்காமு.

"ஓட்டையில்லைத் தம்பி" என்றார் சவிரிமுத்து, கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி. "அதிலை என்ரை மகள் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறாள். அது இனி அடுப்பிலை ஏறாது."