ஓரகத்தியின் லேப்

பிள்ளைகள் தனக்கு ஆசிட் டீச்சர் என்று பட்டப்பெயர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். வேதியியல் நடத்துவதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வெளியே சொல்லிக்கொள்வாள். காரணம் தன் நாக்கு என்பதும் தெரியும். ஆனாலும் கெட்டவள் என்று யாரும் வாய் திறந்து சொல்லிவிட முடியாது. சாக்பீஸ் தீர்ந்தால் சொந்தக் காசில் வாங்குவாள், பாடம் முடியவில்லை என்றால் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துக்கொள்வாள். உலகத்தில் ஒரே ஒருத்தியைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். அந்த ஒருத்தி அதே வீட்டில் மாடியில் குடியிருந்தாள்.

கொழுந்தனின் மனைவி, அவளுடைய ஓரகத்தி. அவளும் வேதியியல் டீச்சர்தான். படிப்பு ஒன்று, சம்பளம் ஒன்று, சம்பளம் வருகிற கஜானாவும் ஒன்று. மூத்தவள் சர்க்கார் ஸ்கூல். இளையவள் அதை ஒட்டியிருந்த சாமி ஸ்கூல். பக்தர்கள் கட்டிய பள்ளிக்கூடம், அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அரசாங்கப் பணத்தில் புதிதாக ஒரு லேப் வந்தது. அன்றிலிருந்து மூத்தவளுக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பக்கத்து லேபில் கூரை ஒழுகி, காரை பெயர்ந்து விழுந்து, பூட்டுப் போட்டுவிட்டார்கள். பழுது பார்க்க வருகிறோம் என்றவர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கரும்பலகையில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற பியூரெட்டைப் படம் போட்டு, குழாயைத் திருகுவது எப்படி என்று வெறுங்கையில் நடித்துக் காட்டித்தான் அவள் பாடம் நடத்தினாள். கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே படம் போட்டால் மார்க் கிடையாது. பியூரெட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் தேர்வு நடத்த வருகிற வெளியாள் முன்னால் போய் நின்றால் என்ன ஆகும் என்ற கவலை அவளை அரித்தது. அந்தக் கவலைக்கு மேலே எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, மாடிப்படியில் இறங்கி வருகிற இளையவளின் விரல்களில் சில்வர் நைட்ரேட் பட்ட கறுப்புக் கறை இருக்கும். அந்தக் கறையைக்கூட மூத்தவளால் பொறுக்க முடியவில்லை. தன் கையில் சாக்பீஸ் தூள்தான் இருந்தது.

காலையில் இருவரும் ஒரே கேட்டைத் திறந்துகொண்டுதான் கிளம்புவார்கள். இளையவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வாள்.

"அக்கா, பிரேயர் முடியுற வரைக்கும் எங்க லேப் காலியாத்தான் கிடக்குது. யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"கிடக்கட்டும். கொடுத்து வச்சவங்க."

இதையே ஒரு வாரத்தில் திரும்பவும் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். மூத்தவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"எப்படிப் பீத்திக்கிறா பாருங்க. எனக்கு இல்லாதது அவளுக்கு மிஞ்சிப் போய்க் காலியா கிடக்குதாம். அதைத் தினம் வந்து என் காதுல ஓதணுமாம்."

"ஏதோ பேச்சுக்குச் சொல்றா, விடேன்."

"உங்க தம்பி பொண்டாட்டியை ஒரு சொல் சொல்லிட்டா உங்களுக்குப் பொறுக்காதே."

புருஷன் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். நல்ல பழக்கம் அது, அந்த வீட்டில் சண்டை பெரிதாகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

பிரேயர் என்றால் அந்தப் பள்ளியில் சும்மா இல்லை. ஒலிபெருக்கி வைத்து நடக்கும். வாரம் ஒரு டீச்சர் முன்னால் நின்று வரி வரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். 'பெரியவர்களை மதிப்பேன். பொய் சொல்ல மாட்டேன். பிறர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டேன்.' மதிலுக்கு இந்தப் பக்கம் சர்க்கார் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். இளையவள் முறை வருகிற வாரத்தில் மூத்தவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். குரலும் நன்றாக இருந்து தொலைத்தது.

அப்போதுதான் மதத்தார் நடத்துகிற பள்ளிகளுக்கு அரசாங்க உதவி தொடரலாமா என்று ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுக்கொண்டு ஒரு அதிகாரி வந்தாள். நகர மண்டபத்தில் கூட்டம். மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியதை மைக்கில் சொல்லச் சொல்லி அரசாங்கமே கூப்பிடுகிறது. உதவி நின்றால் மாடியில் இருப்பவளின் சம்பளமும் நிற்கும். அதை யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

நன்றாகத்தான் பேசினாள்.

"சாமி கும்பிடுறது அவங்கவங்க இஷ்டம். எனக்கு அதுல எந்த வம்பும் இல்ல. ஆனா வரி வாங்கும்போது நீ எந்தச் சாமின்னு யாரும் கேக்கிறதில்ல. செலவு பண்ணும்போது மட்டும் அது ஏன் ஒரு சாமி வீட்டு வாசல்ல போய் நிக்கணும்? பொதுப் பள்ளிக்கூடத்துல கூரை ஒழுகுது. என் பிள்ளைங்க பியூரெட்டைப் படத்துலதான் பாத்திருக்காங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் லேப் காலியா கிடக்குதாம், அவங்களே சொல்றாங்க."

கைத்தட்டல் எழுந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கைத்தட்டலுக்கு நடுவே அவள் கண் தேடியது பின் வரிசையில் உட்கார்ந்திருந்த இளையவளின் முகத்தை. அது வாடியிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆசை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீங்க சொன்னதை மேல எடுத்துட்டுப் போறேன் டீச்சர். அது பெரிய விவகாரம், முடிவு என் கையில இல்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அந்த லேபுக்குப் பணம் கொடுத்தப்பவே, பிரேயர் நேரத்துல பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களும் வந்து செய்யலாம்னு நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தோம். உங்ககிட்ட சொல்லச் சொன்னோமே. யாரும் சொல்லலையா?"

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலியாத்தான் கிடக்குது, யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. கேட்டுக்குப் பக்கத்தில், செருப்பு மாட்டிக்கொண்டே, வாரா வாரம். பீற்றல் இல்லை அது, அழைப்பு. வா என்று ஒரு சொல் அதில் இல்லாததால் தன் வயிற்றெரிச்சலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டாள். முன் வரிசையில் அவள் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னார்கள் என்று ஒத்துக்கொண்டால் சொந்தப் பிள்ளைகளுக்குக் குழி தோண்டியவள் ஆகிவிடுவாள். சொல்லவில்லை என்றால் ஓரகத்தியின் தலையில் பழி.

பின்னால் இளையவள் எழுந்தாள்.

"அவங்ககிட்ட சொல்ல வேண்டிய பொறுப்பு என்னோடது. சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. சாமிக்குத்தான் மனசு பெரிசு, சாமி ஸ்கூலுக்கு இல்லை என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. அதிகாரி விளக்கம் கேட்டு எழுதுவேன் என்றாள். சாமி ஸ்கூல் தலைமையாசிரியர் இளையவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். ஆசிட் டீச்சர் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டாள்.

"ஏன் அப்படிப் பொய் சொன்ன?"

"முழுப் பொய்னு சொல்ல முடியாதுக்கா. வாங்கன்னு ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. கூப்பிட்டா கோச்சுப்பீங்களோன்னு பயம். அதான் சுத்தி வளைச்சேன்."

மூத்தவள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. லேப் அவளுடையது, குரல் அவளுடையது, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது என்றுதான் நினைத்தாள். அப்படி நினைக்கிற தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. இருந்தும் நினைத்தாள்.

மறுநாள் காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதிலைச் சுற்றிப் போனாள். லேப் திறந்தே இருந்தது. யாரோ முன்கூட்டியே வந்து பியூரெட்டுகளைக் கழுவி, ஸ்டாண்டில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். யாரென்று கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகள் முதலில் தொடவே பயந்தார்கள், பிறகு போட்டி போட்டார்கள்.

வெளியே ஒலிபெருக்கி ஆரம்பித்தது. அந்த வாரம் இளையவளின் முறை. சாத்துவதற்குப் போன மூத்தவளின் கை ஜன்னலில் அப்படியே நின்றது.

"பெரியவர்களை மதிப்பேன்" என்றாள் இளையவள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

அடுத்து வர வேண்டிய வரி வரவில்லை. ஒலிபெருக்கி சும்மா இரைந்தது. அப்புறம் குரல் வந்தது.

"பிறர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டேன்."

பிள்ளைகள் சிலர் தடுமாறி, பழக்கத்தில் விட்டுப்போன வரியைச் சொன்னார்கள். இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "டீச்சர், நடுவுல ஒண்ணை மறந்துட்டாங்க" என்று சிரித்தாள்.

மறக்கவில்லை என்று அந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அப்போதும் அவளுக்கு முதலில் வந்தது பொறாமைதான். நேற்று சொன்ன பொய்க்குப் பிறகு வாயில் வராமல் போக இளையவளுக்கு ஒரு வரி இருந்தது. இப்போது சொன்ன வரி தனக்கு.

"நீ உன் பியூரெட்டைப் பாரு" என்றாள். ஜன்னலைச் சாத்தவில்லை.