பாய்மரத்தில் ஏறியவன்

சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் அறையில் மட்டும் மிஷின் சத்தம் கிடையாது. அதனால் அங்கே ஒருத்தி சத்தமாகக் கதை படிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை மற்றப் பெண்கள் பிரித்துக்கொண்டு தைப்பார்கள். சண்டை போட்டு வாங்கிய உரிமை அது. எந்த முதலாளியும் தூக்கிக் கொடுத்ததில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பழைய கப்பல் கதை ஓடியது. ஜன்னலோரம் உட்காருகிறவளுக்குக் குசுகுசு என்று பட்டப்பெயர். பேச்சு அவ்வளவு மெல்ல. கதையில் பாய்மரத்து உச்சியில் ஏறிக் கரை தேடும் மாலுமி ஒருவன் வந்தான். அவனுக்குக் குசுகுசு மனசுக்குள் தன் தம்பியின் முகத்தைக் கொடுத்துவிட்டாள். கப்பல் வேலைக்குப் போய், தகவலே இல்லாமல் போன தம்பி. உடைந்த முன்பல், முழங்கைவரை மடித்த சட்டைக்கை, அப்படியே அவன். மடியிலிருந்த வெள்ளைச் சட்டை காற்றில் உப்பினால் அது பாய். அதற்குக் கீழே கடல் ஆடும்.

கதை பாதியில் இருக்கும்போதே அது சினிமாவாக வந்தது. கூட்டமாகப் போனார்கள். திரையில் யாரோ ஒரு அழகன் ஏறினான், பல் வரிசை குறையில்லாமல். புயலில் எல்லோரும் பார்க்க விழுந்தான். அலை மூடியது. அதற்குப் பிறகு குசுகுசு தலை நிமிரவில்லை.

மறுநாள் புயல் அத்தியாயம்.

"அக்கா, இதத் தாண்டிப் படிங்களேன்," என்றாள் குசுகுசு.

"ஏண்டி, விழப்போறவன் உன் மாமனா?" என்றாள் பக்கத்து வாயாடி. அறை சிரித்தது.

"தம்பி."

சிரிப்பு நின்றது.

படிக்கிறவள் கண்ணாடியைத் துடைத்தாள். "பக்கத்த முழுங்கினா நாளைக்கு எவளும் என்னை நம்பமாட்டா. படிக்கிறேன், கேளு."

கதையில் பாய் கிழிந்தது. விளக்குகள் அணைந்தன. பிறகு ஒரே வரி: விடிந்தபோது பாய்மரம் நின்றது, அவன் அதில் இல்லை.

"அவ்வளவுதானா? விழுந்தான்னு எழுதலையா?" என்று கேட்டாள் குசுகுசு.

"எழுதல."

"சினிமாவுல பாத்தோமேடி!" என்றாள் வாயாடி.

"அது சினிமாக்காரன் பாத்தது," என்றாள் குசுகுசு. முதல்முறையாக அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

சினிமாவைத் திட்டி என்ன பயன்? காட்டினால்தான் அதற்குப் பிழைப்பு. புத்தகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வாயாடி யோசித்தாள். "முந்தாநாள் கதையில ஒரு தீவு வந்துச்சே... அவனுக்கு நீச்சல் தெரியுமா?"

"எங்கம்மா அடிச்சாலும் தண்ணிய விட்டு ஏறமாட்டான்."

"அப்ப சரி." வாயாடி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மேல படிங்கக்கா. கப்பல் அந்தப் பக்கமாத் திரும்புதான்னு பாப்போம்."