மச்சாளின் பாதிச் செபம்

இந்த ஊரில் தாய்மார் பிள்ளைகளை வெளியே குளிரில் விட்டுவிட்டு உள்ளே இருந்து கோப்பி குடிக்கிறார்கள். நீங்கள் பிழையாக வாசிக்கவில்லை. நோர்வேயின் பெர்கன் நகரத்தில், நான் வேலைக்குப் போகும் வழியில் உள்ள கோப்பிக் கடை வாசலில் நாலைந்து தள்ளுவண்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கம்பளிக்குள் ஒரு குழந்தை, மூக்கு மட்டும் தெரிய நித்திரை கொள்ளும். குளிர்காற்று பிள்ளைக்கு நல்லதாம். இங்கு வந்து பதினெட்டு வருடமாகியும் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு கடந்து போக முடிவதில்லை. ஒருநாள் ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் வரும்வரை காவல் நிற்போம் என்று குடையுடன் பக்கத்தில் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குள்ளால் கண்ட தாய் பதறி ஓடிவந்து, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றாள். “ஒன்றும் வேண்டாம், பார்த்துக்கொண்டு நிற்கிறேன்” என்றேன். அதைவிடச் சந்தேகமான பதிலை ஓர் அந்நியப் பெண் சொல்லியிருக்க முடியாது. அவள் வண்டிலை உள்ளே கொண்டுபோய்விட்டாள். என்னால் ஒரு பிள்ளையாவது குளிருக்குத் தப்பியது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட என்னுடைய மகளுக்குத்தான் முதுகெலும்பு வளைந்தது. மெரினுக்குப் பதினாறு வயது. வளைவு கூடிக்கொண்டே போகிறது, கம்பி வைத்து நிமிர்த்த வேண்டும் என்றார் வைத்தியர். அதை என்னிடம் சொல்லவில்லை. கதிரையை அவள் பக்கம் திருப்பி அவளிடம் சொன்னார். இங்கே பதினாறு வயதானால் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வது பிள்ளைதான். நரம்புக்குச் சேதம் வரும் ஆபத்து மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். “நடக்க முடியாமல் போகுமா?” என்று நான் குறுக்கே விழுந்து கேட்டேன். அந்தப் பதிலையும் அவளைப் பார்த்தே சொன்னார். திருகோணமலையில் என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்குவதற்கே அப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டுத் தபாலதிபர் என்று ஒரு சபை கூடியது. இங்கே என் மகள் தன்னந்தனியாக “யா” என்றாள். யா என்றால் ஓம்.

அன்றோடு எனக்குச் செபம் நின்றுபோனது. முழங்காலில் நிற்பேன், வாய் திறக்காது. ஞாயிறு பூசைக்கு வேலை என்று பொய் சொன்னேன். மகளிடம் மட்டும் நாளுக்கு நாலு தடவை, “பயப்படாதே, அம்மாவுக்குப் பயமே இல்லை” என்பேன். ஒக்டோபர் விடுமுறையில், ஒரு கிழமைக்காவது வீட்டில் நிம்மதி வேண்டுமென்று தகப்பனும் மகளும் சேர்ந்து எனக்கு விமானச்சீட்டு எடுத்தார்கள். திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கும் கணவரின் அக்கா எமில்டா மச்சாளுக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

மச்சாளின் குரல் அந்த ஒழுங்கைக்கே பொதுச்சொத்து. ஒக்டோபர் மாதம் மாதா சொரூபம் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு நாள் தங்கும். பின்னேரம் அயல் முழுக்க அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். அருள்நிறை மந்திரத்தின் முதற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும், பத்துப் பத்துத் தடவையாக. முதற்பாதி இருபது வருடமாக மச்சாளுடையது. கப்பல்துறை தாண்டிய கண்டி பஸ்போல ஓரிடத்திலும் நிற்காமல் ஓடுவார். செபம் முடியக் கொடுக்கும் அவித்த கடலை ஆறிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய இறையியல். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத்துணி, கையில் எழுதிக் காட்டுவதற்கு ஒரு கொப்பி.

முதற்பாதியை இனி வேறொருவருக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மச்சாள் வழக்கம்போலச் சொரூபத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். உதடுகள் அசைந்தன. துளையில் மூச்சு போய்வரும் மெல்லிய இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் மோதிர விரலால் கதிரையின் கையில் ஒரு தட்டு. உடனே முப்பது பேர் பிற்பாதியை எடுத்தார்கள். மீண்டும் அமைதி, மீண்டும் தட்டு.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா நடுவில் கையை உயர்த்தினாள். “எமில்டாக்கா, இது ஒன்பதுதான். ஒண்டை விழுங்கிப்போட்டியள்.”

மச்சாள் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

“ஒன்பது! நான் எண்ணினனான். சத்தம் இல்லையெண்டு எங்களை ஏமாத்த ஏலாது.”

சனம் சிரித்தது. மச்சாள் ஜெசிந்தாவை முறைத்தபடி இன்னொன்று சொன்னார், வேண்டுமென்றே நீட்டி.

இந்த ஜெசிந்தாவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். நாலு வருடம் அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். குசினியில் கோப்பை கழுவும்போது, எப்படித் திரும்பி வந்தாய் என்று கேட்டேன்.

“அவ ஆஸ்பத்திரியால வந்த கிழமைதான் மாதா என்ர வீட்டுக்கு வாற முறை, அக்கா. எனக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். எமில்டாக்கா வந்து கொப்பியில எழுதிக் காட்டினா, ‘உனக்கு விசுவாசம் இல்லாட்டிப் பரவாயில்லை, என்ர பாதிக்கு மறுமொழி சொல்ல ஆள் வேணும்’ எண்டு. பாவமெண்டு போய் இருந்தனான். காதில கேக்காத செபத்துக்கு ஒருக்கா மறுமொழி சொல்லத் தொடங்கினால், பிறகு நிப்பாட்ட ஏலாது.” சொல்லிவிட்டு, “பங்குச் சுவாமி இதைப் பிரசங்கத்தில சொல்லப் பாத்தவர். அவ எழுதிக் குடுத்தா, ‘சுவாமி, நான் இன்னும் சாகேல்லை’ எண்டு” என்று சிரித்தாள்.

நான் கொண்டுபோன ஆறுதல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கடைசி நாள், மெரினைப் பற்றியும் என் வாய் திறக்காததைப் பற்றியும் மச்சாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏதாவது தேற்றி எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது ஒரே வரி: “ஒப்பரேஷன் எத்தினை மணிக்கு?”

நவம்பரில் ஒரு காலை எட்டு மணிக்கு மெரினை உள்ளே கொண்டுபோனார்கள். கணவர் வெளியே மழைக்குள் நடந்துகொண்டிருந்தார். காத்திருக்கும் அறையில் என் போன் அடித்தது. அன்புவழிபுரத்தில் மத்தியானம். சோற்றை உலையில் விட்டுவிட்டு வந்து கூடியிருந்தார்கள். “அக்கா, நாங்கள் ஒருத்தரும் மறுமொழி சொல்லக்கூடாதாம்,” என்றாள் ஜெசிந்தா. “நீங்கள்தான் சொல்ல வேணுமாம். எமில்டாக்கான்ர ஓடர்.”

காதுக்குள் அமைதி. பிறகு தட்டு. நான் தொடங்கினேன். பிற்பாதியில் “எங்கள் மரண நேரத்திலும்” என்று வருகிறது. எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன சொல். என் பிள்ளையின் முதுகு திறந்து கிடக்கும் நேரத்தில் அதைச் சொல்ல நாக்கு மறுத்தது. நிறுத்திவிட்டேன். அங்கே ஒரு தட்டு. பிறகு பஸ் கொண்டக்டர் தகரத்தில் அடிப்பதுபோல இரண்டு. மச்சாள் விடமாட்டார் என்று தெரிந்தது. அழுதுகொண்டு சொல்லி முடித்தேன். உடனே அடுத்த அமைதி தொடங்கிவிட்டது.

செபமாலையில் ஐந்தாறு மணிகள் போயிருக்கும். எதிரே இருந்த நோர்வேக் கிழவர், நான் கொஞ்சம் பேசுவதையும் பிறகு நெடுநேரம் போனுடன் சும்மா இருப்பதையும் கவனித்திருக்கிறார். “தொடர்பு சரியில்லையா? யன்னலோரம் நன்றாகக் கிடைக்கும்” என்று தன் இடத்தைக் காட்டினார். “நன்றாகக் கேட்கிறது” என்றேன். அவர் நம்பவில்லை, எழுந்தே விட்டார். மனம் நோவாரே என்று “தூசன் தக்” என்று ஆயிரம் நன்றி சொல்லி அவருடைய கதிரையில் போய் இருந்து, மிச்சத்தை அங்கிருந்து சொன்னேன்.

பின்னேரம் மெரின் கால்விரல்களை அசைத்துக் காட்டினாள். பத்தையும் எண்ணினேன்.

மூன்றாம் நாள் அவளே மாமியைக் காண வேண்டும் என்றாள். மெரினுக்குத் தமிழ் கதைக்க ஓரளவு வரும், வாசிக்கத் தெரியாது. போனில் மச்சாளின் முகம் தெரிந்ததும், “மாமி, ஒப்பரேஷனுக்கு முதல் உங்களுக்குப் பயமா இருந்ததா?” என்று கேட்டாள். மச்சாள் குனிந்து எழுதிக் கொப்பியைத் தூக்கிப் பிடித்தார்.

“அம்மா, என்ன எழுதியிருக்கிறா?”

வாசித்தேன். “ஓம் பிள்ளை, சரியான பயம். இப்பவும் இருக்கு.”

என் குரலில் அந்தச் சொற்களை மெரின் கேட்டது அதுதான் முதல் தடவை. சரியாக விளங்கியதோ என்று நோர்வே மொழியிலும் ஒருமுறை சொன்னேன். எந்த மொழியில் சொன்னபோது அது மச்சாளின் பயமாக இருந்தது, எதில் என்னுடையதானது என்று எனக்குத் தெரியவில்லை. மெரின் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அங்கே மச்சாள் அடுத்த பக்கத்தைப் புரட்டி எழுதத் தொடங்கியிருந்தார். நான் போனை இருவருக்கும் நடுவில் உயர்த்திப் பிடித்தபடி, இனி எதை வாசிக்க வேண்டி வருமோ என்று நின்றேன்.