தளர்த்தக் கூடாத கம்பி

ஊரில் அவரைத் திருப்புளி என்றே அழைத்தார்கள். பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருடங்களாக நகர அரங்கின் பியானோவும் அவர் பொறுப்பில் இருந்தது. அதன் கம்பிகளுக்கு இடையில் ஆணி, ரப்பர், தகரம் செருகி வாசித்த இசையமைப்பாளரை ஊரே கேலி செய்தபோது, ஆணிகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்தவர் இவர்.

இசையமைப்பாளரின் கடைசிப் படைப்புக்கு அந்தப் பியானோவின் ஒரே ஒரு கம்பி. ஆண்டுக்கு ஒருமுறை அதை ஒரு மயிரிழை முறுக்கி, காதை அதன்மேல் ஒட்டிவைத்துச் சுண்ட வேண்டும். தளர்த்தவே கூடாது. அறுகிற அன்று படைப்பு முடியும்.

திருப்புளி எல்லோர் முன்னாலும் முறுக்குவார். மறுநாள் தனியாக வந்து தளர்த்திவிடுவார். பட்டறையில் வேலை பழகியபோது ஒரு கம்பி தெறித்து முதலாளியின் கண் போனதைப் பார்த்தவர் அவர். ஒன்பது வருடங்கள் இப்படியே ஓடின.

இசையமைப்பாளர் இறந்தபின் முதல் விழா இது. வாசிக்கப்போவது அவருடைய மகள். கூட்டம் வரத் தொடங்கியபோது திருப்புளி கம்பியைச் சுண்டிப்பார்த்தார். அவர் விட்டுப்போன சுருதியில் அது இல்லை. வெகு மேலே இருந்தது.

"யாரோ கை வச்சிருக்காங்க அக்கா."

"நான்தான்," என்றார் இசையமைப்பாளரின் மனைவி. "நீங்க தளர்த்துறது அவருக்கு மொத வருஷமே தெரியும். பயந்தாங்கொள்ளி, விடுன்னு சிரிப்பார். சாகறதுக்கு முன்னாடி ஒன்பது வருஷத்தையும் சேர்த்து ஏத்தச் சொன்னார். நேத்து ஏத்திட்டேன்."

திருப்புளி குனிந்து பார்த்தார். முறுக்கும் முளையருகே கம்பி இளைத்து வெளுத்திருந்தது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நைய வைத்தது தன் கைதான்.

"பாப்பா காது வைக்கிற இடம் இது."

"அவ அப்பாவும் அங்கதான் வச்சார்."

"அப்பல்லாம் கம்பி தளர்ந்து கெடந்துச்சு அக்கா. இப்பக்கூட இறக்கிடலாம்."

"இறக்கினா, ஒன்பது வருஷமா நீங்க தளர்த்தினதை எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்." நாற்காலியை இழுத்துப் போட்டுப் பியானோ பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மகள் வந்தாள். "ஆரம்பிக்கலாமா மாமா?"

"இந்த வருஷம் நான் வாசிக்கிறேன் பாப்பா."

"உங்களுக்குத்தான் வாசிக்கவே தெரியாதே."

"ஒரு கம்பிதானே."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசிக்கட்டும் விடு," என்றார் கடைசியில்.

"நீ போய்ப் பின்வரிசையில உக்காரு பாப்பா. அக்கா, நீங்களும்."

"அங்க ஒண்ணும் கேக்காது மாமா."

"கேக்கும்," என்றார் திருப்புளி.

இருவரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்தார். கைதட்டல் அடங்கியது. ஒரு மயிரிழை முறுக்கிவிட்டு, காதைக் கம்பியின்மேல் வைத்தார்.