ஆமை ஓட்டில் ஒரு பிரசவம்

அபுதாபி பக்கம் ருவைஸில் ஸ்கேன் எடுத்த டாக்டர் மலையாளி. நான் கேட்காமலேயே சொல்லிவிட்டார். "பெண்குட்டி. மூத்தது ஆணா?"

மூத்ததும் பெண் என்றேன்.

ஊரில் இதைச் சொல்லக் கூடாது என்று ஸ்கேன் சென்டர் சுவரிலேயே போர்டு இருக்கும். இங்கே தடையில்லை. அது கல்ஃபின் வசதிகளில் ஒன்று என்றுதான் நாங்கள் நினைத்தோம். ரிஃபைனரியில் வேலை பார்த்த என் கணவர் வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கி, புது ஃபிரிட்ஜ் வாங்கிய சேதிபோல அதைத் தன் அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியாரே பேச்சை எடுத்தார். "அவள அனுப்பி வுடு கண்ணு. நீ டூட்டிக்குப் போயிருவ, அவ கைப்புள்ளையோட தனியாக் கெடப்பா. ஏழு மாசம் ஆச்சுன்னா பிளேன்ல ஏத்த மாட்டான். இங்க நம்ம டாக்டரம்மா இருக்காங்க, பாத்துக்குவாங்க."

அன்பான பேச்சுதான். டிக்கெட்டும் போட்டாயிற்று.

ஆனால் அந்த டாக்டரம்மாவிடம்தான் முந்தின வருடம் என் நாத்தனார் போனாள். அவளுக்கும் முதல் குழந்தை பெண். இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது என்றார்கள். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஊரிலிருந்து வருகிறவர்கள் கையிலெல்லாம் பருப்புப்பொடி கொடுத்தனுப்புகிற மாமியாரைப் பற்றி இப்படி நினைக்கலாமா? மசக்கையில் புத்தி கெட்டுவிட்டதோ? பெட்டியில் துணி அடுக்கினேன். எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் டிவியில் சீனாவின் ஷாங் அரச வம்சத்தைப் பற்றிய நிகழ்ச்சி வந்தது. கல்லூரியில் வரலாறு படித்திருந்தாலும் எங்கள் பாடத்தில் ஷாங் ஒரு பத்திதான். மூவாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்த ஆமை ஓடுகளைக் காட்டினார்கள். அரசன் எதையும் முன்னோர்களிடம் கேட்டுத்தான் செய்வானாம். ஓட்டில் சூடு வைத்து, விழும் விரிசலைப் பார்த்துக் குறி சொல்வார்கள். கேட்ட கேள்வியையும் பிறகு நடந்ததையும் அதிலேயே செதுக்கி வைப்பார்கள். ஓர் ஓட்டில் ராணியின் பிரசவம். நல்லபடியாகுமா என்று ஒரு பக்கம், ஆகாதா என்று மறுபக்கம். ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டிருந்தார்கள். கீழே முடிவு: பெற்றாள். நல்லதில்லை. பெண்.

அந்த ராணியின் கல்லறையையும் தோண்டியிருந்தார்கள். அவள் படை நடத்தியவள். அவளோடு வெண்கலக் கோடரிகள் இருந்தன. அவளுக்குத் துணையாகக் கொன்று புதைத்தவர்களின் எலும்புகளும் இருந்தன. அந்தப் பெண் குழந்தை பிறகு என்ன ஆனது என்று நிகழ்ச்சி முடியும்வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. ஓட்டில் அதற்குமேல் எதுவும் இல்லைபோல.

மாலை டூட்டி முடிந்து வந்தவர் பெட்டியைப் பார்த்தார். "இன்னும் மூடலயா?"

"நான் போகல. இங்கயே பெத்துக்கறேன்."

"வெளையாடாத. அம்மா என்ன நெனைப்பாங்க?"

"உங்க தங்கச்சிக்கு ஏன் கலைஞ்சுது?"

"அது... தானாக் கலைஞ்சுது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எந்த மாசத்துல?"

அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றி வைத்தார். பிறகு கோபமாக, "எங்கம்மாவப் போயி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மூத்தவள் ஓடி வந்து அவர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கண்வரை மறைந்துவிட்டது.

"அப்பா, ஐ கான்ட் சீ."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் அந்த ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் டிக்கெட்டை ரத்து செய்தார். கூட்டிவந்து விட லீவ் கிடைக்காததால் அனுப்ப முடியவில்லை என்று ஊருக்குச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

இரண்டாமவள் ருவைஸிலேயே பிறந்தாள். பிரசவ வார்டில் என் பக்கத்தில் நின்று அவர் ஸ்பீக்கரில் போன் செய்தபோது, எல்லாம் தெரிந்திருந்தும் மாமியார் கேட்டார்.

"என்ன கொழந்தைடா?"

"பொண்ணுதாம்மா."

"ஸ்கேன் தப்பா இருக்குமோன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "சரி, பச்ச ஒடம்பு, ஏ.சி. காத்துல படுக்க வேண்டான்னு சொல்லு" என்றார்.

அந்தக் குரலில் அக்கறை இருந்தது. அதனால்தான் நான் நினைத்தது சரியா, பாவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நாத்தனாரிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு லீவிலும் அவளோடு சேர்ந்து வெங்காயம் உரிக்கிறேன். அவள் என் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு சீக்கிரம் இறக்கிவிடமாட்டாள். நான் கேட்டதில்லை.